சிம்லா குளிரும் எங்கள் வண்டியின் ஹீட்டரும்

மதுரைக்காரிக்குக் குளிர் என்றால் என்ன தெரியும்? மார்கழி மாதம் விடியற்காலையில் கோலம் போடும்போது காது மடல் லேசாகச் சிலிர்க்குமே, அதுதான் நான் நாற்பத்து நாலு வருடமாகக் கண்ட குளிர். எங்கள் காரில் சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்டு ஒரு குமிழ் உண்டு. நீலப் பக்கம் தள்ளினால் குளிர்ச்சி, சிவப்புப் பக்கம் தள்ளினால் சூடு. மதுரையில் இருந்தவரை அந்தச் சிவப்புப் பக்கம் ஒரு அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன். சித்திரை வெயிலில் யாராவது காருக்குள் சூடு வேண்டும் என்று கேட்பார்களா?

என் கணவருக்குச் சண்டிகருக்கு மாற்றல் வந்தது. கார் பழசு. பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்து ஓடிக்கொண்டிருக்கிறது. "இதை வித்துட்டு அங்கே போய் வேற வாங்கிக்கலாமே" என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. லாரியில் ஏற்றிக் கொண்டு வந்து சேர்த்துவிட்டார். ஆண்களுக்குப் பழைய காரும் பழைய சிநேகிதமும் ஒன்று போலிருக்கிறது!

பொங்கல் கழிந்ததும் என் தங்கை, எட்டு மாதக் கைக்குழந்தையோடு மதுரையிலிருந்து வந்திருந்தாள். "அக்கா, ஐஸ் மழையை ஒரு தடவையாவது கண்ணாலே பார்க்கணும்" என்று ஒரே பிடிவாதம். மாமியாருக்கு எழுபது வயது. இழுப்பு உண்டு. அவர்களும், "நானும் வர்றேன், இந்த வயசுக்கு மேலே எப்போ பார்க்கப்போறேன்" என்று கிளம்பிவிட்டார்கள். ஐந்து பேரும் ஒரு சனிக்கிழமை காலை சிம்லாவுக்குப் புறப்பட்டோம்.

மலை ஏறிய கதை

சண்டிகரிலிருந்து சிம்லா சுமார் 115 கிலோமீட்டர். கால்கா தாண்டியதும் மலை ஆரம்பம். பாதையின் பக்கத்திலேயே எதிர்ப்படுவதும் மறைவதுமாகச் சின்ன ரயில் ஒன்று கூடவே வருகிறது. 1903-ல் போட்ட பாதை. 96 கிலோமீட்டர் தூரத்துக்குள் நூறுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள்! 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததாம். நம் ஊட்டி ரயிலுக்கு அந்தப் பெருமை 2005-லேயே வந்துவிட்டது என்று என் கணவர் சொன்னதும், மாமியாருக்கு ஒரே சந்தோஷம்.

சோலன் தாண்டும்போதே குளிர் கூடியது. சிவப்புக் குமிழை முதல் தடவையாக முழுசாகத் தள்ளினோம். ஏற்றத்தில் இரண்டாவது கியரில் முக்கி முனகி ஏறும்போது வெதுவெதுவென்று கொஞ்சம் காற்று வந்தது. சமதரை வந்ததும் அதுவும் நின்று குளிர்ந்த காற்று அடித்தது. இறக்கத்தில் சொல்லவே வேண்டாம், ஃபிரிட்ஜைத் திறந்து வைத்த மாதிரி! ஐந்து பேர் மூச்சும் சேர்ந்து முன்கண்ணாடி முழுக்கப் புகை மூடிக்கொண்டது. நான் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தேன்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். டாஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் எழுந்திருக்கவே இல்லை. அடியிலேயே படுத்துக் கிடந்தது.

"என்னங்க, இந்த முள்ளு ஏன் ஏறவே மாட்டேங்குது?"

"நல்லதுதானேம்மா? எஞ்சின் சூடாகலேன்னு அர்த்தம். மதுரையிலே கொதிச்சுக் கொதிச்சு நின்ன வண்டி இது" என்றார் பெருமையாக.

எனக்கு மனசு ஒப்பவில்லை. அடுப்பில் வைத்த பாத்திரம் சூடே ஆகாவிட்டால் அது நல்லதா என்ன? ஆனாலும் கார் விஷயத்தில் நமக்கென்ன தெரியும் என்று வாயை மூடிக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

காலையில் நடந்த பரிசோதனை

மறுநாள் காலை சிம்லாவில் எழுந்தால், கார் மேல் வெள்ளை வெளேரென்று உறைபனி. இவர் பானெட்டைத் திறந்தார். நானும் சால்வையைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். தெரிந்துகொள்வோமே என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவரும் பொறுமையாகச் சொன்னார்.

காரின் ஹீட்டருக்கென்று தனியாக அடுப்பு எதுவும் கிடையாதாம். எஞ்சின் ஓடும்போது உண்டாகும் சூட்டைத் தணிக்க அதைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. சூடான அந்தத் தண்ணீரில் கொஞ்சம் இரண்டு ரப்பர் குழாய் வழியாக டாஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்கு வருகிறது. விசிறி அதன் மேல் காற்றை ஊதினால் நமக்குச் சூடு கிடைக்கிறது. எஞ்சின் வேண்டாமென்று கழிக்கிற சூட்டை நாம் எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

அப்படியானால் எங்கே கோளாறு? முதலில் தண்ணீர் அளவு. பக்கத்து டப்பாவில் கொஞ்சம் குறைந்திருந்தது, ஊற்றினோம். தண்ணீர் குறைந்தாலும், குழாயில் காற்று அடைத்துக்கொண்டாலும் ஹீட்டர் சூடாகாதாம். அடுத்தது விசிறி. அது நன்றாகவே ஓடியது. மூன்றாவது, குமிழிலிருந்து போகும் கம்பி. அது அறுந்திருந்தால் குமிழ் மட்டும் நகரும், உள்ளே வால்வு திறக்காது. கம்பியும் சரியாக இருந்தது.

நான்காவதாக, எஞ்சினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, அந்த இரண்டு ரப்பர் குழாய்களையும் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பார்த்தார். ஒன்று கொதித்து மற்றது ஜில்லென்று இருந்தால், உள்ளே குட்டி ரேடியேட்டர் துருவால் அடைத்திருக்கும், அல்லது வால்வு மூடியிருக்கும். எங்கள் வண்டியில் இரண்டுமே ஒரே மாதிரி, குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரை விடக் குறைந்த சூட்டில் இருந்தன.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு, அடைப்பு இல்லே. வண்டி ஓடினா சரியாயிடும்" என்று பானெட்டை மூடிவிட்டார். இரண்டு குழாயும் ஏன் சூடாகவில்லை என்ற கேள்வி எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

ஃபாகுவில் நின்றோம்

நார்கண்டா என்ற ஊர் சிம்லாவிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல். நல்ல பனி கிடக்கும் என்று ஓட்டல்காரர் ஆசை காட்டியிருந்தார். குஃப்ரி தாண்டும்வரை வெயில் இருந்தது. ஃபாகு என்ற இடம் வரும்போது மேகம் இறங்கி, பஞ்சு பிய்த்துப் போட்ட மாதிரி பனி விழ ஆரம்பித்தது. என் தங்கை சின்னக் குழந்தை போலக் கை தட்டினாள். மாமியார் கண்ணாடியை இறக்கிக் கையில் ஏந்திப் பார்த்து, "மல்லிகைப்பூ உதிர்ற மாதிரி இருக்கே" என்றார்கள்.

அந்தச் சந்தோஷம் பத்து நிமிஷம்தான். முன்னால் ஒரு பஸ் வழுக்கிக் குறுக்கே நின்றுவிட, வண்டிகள் வரிசையாக நின்றன. அரை மணி, ஒரு மணி, ஒன்றரை மணி ஆயிற்று. எஞ்சினை ஓடவிட்டாலும் ஹீட்டரில் வந்தது பச்சைக் காற்று. மாமியாருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. குழந்தையின் கை இரண்டும் ஐஸ் மாதிரி ஆகிவிட்டது. தங்கை அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள்.

பக்கத்தில் தேநீர்க் கடை போட்டிருந்த ஒரு பையன் எங்கள் கஷ்டத்தைப் பார்த்து, இரும்புச் சட்டியில் கனலும் கரியோடு ஓடிவந்தான். இங்கே அதை 'அங்கீட்டி' என்பார்கள். "காருக்குள்ளே காலடியில் வெச்சுக்கோங்க மாதாஜி" என்றான்.

"வாங்கிக்கோங்க அத்தான், குழந்தைக்கு ஆகும்" என்று தங்கை கையை நீட்டிவிட்டாள். இவரும் கதவைத் திறந்தார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ, "வேண்டவே வேண்டாம்!" என்று கத்திவிட்டேன். வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் மூடிய அறையில் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கி, எழுந்திருக்காமலே போனவர்கள் செய்தி வருகிறது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. முதலில் தலைவலி, குமட்டல், அப்புறம் தூக்கம். அவ்வளவுதான். எஞ்சின் புகையிலும் இதே நஞ்சு உண்டு. 2022 ஜனவரியில் பாகிஸ்தானில் முர்ரீ என்ற மலையூரில் பனியில் சிக்கிக் காருக்குள்ளேயே இருந்தவர்கள், குழந்தைகள் உட்பட இருபது பேருக்கு மேல் இறந்து போனார்கள். குளிரினாலும், உள்ளே புகுந்த நச்சுப் புகையினாலும் என்று சொன்னார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அன்று ராத்திரி தூங்காமல் கிடந்தது அந்த நொடியில் ஞாபகம் வந்தது.

இவருக்குக் கோபம். "அப்போ என்ன பண்ணச் சொல்றே? குளிர்லே விறைச்சுச் சாகச் சொல்றியா?"

"காரைப் பூட்டுங்க. எல்லாரும் கடைக்குள்ளே போவோம். நார்கண்டாவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வழி விட்டதும் திரும்பிடலாம்" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரிடம் இப்படி முடிவாகப் பேசியது அதுதான் முதல் தடவை. ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் மாமியாரைக் கைத்தாங்கலாகப் பிடித்து இறக்கினார்.

கடைக்குள் தகர அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்த ஊரில் அதைத் தந்தூர் என்கிறார்கள். விறகு உள்ளே எரிகிறது, புகை மட்டும் தகரக் குழாய் வழியாகக் கூரைக்கு வெளியே போய்விடுகிறது. அந்தக் குழாயைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. கடைக்கார அம்மாள் தங்கையை ஒரு மூலையில் உட்கார வைத்து, குழந்தையை அவள் மார்போடு சேர்த்து, மேலே கம்பளியால் சுற்றிவிட்டாள். பாஷை தெரியாவிட்டால் என்ன, தாய்மை தெரியாதா? குறைமாதக் குழந்தைகளை இப்படித் தாயின் நெஞ்சோடு அணைத்தே காப்பாற்றும் முறைக்கு ஆஸ்பத்திரிகளில் 'கங்காரு' முறை என்று பெயர். பத்து நிமிஷத்தில் குட்டிப் பயல் பால் குடித்துவிட்டுத் தூங்கிப் போனான். மாமியாருக்கு இழுப்பு மருந்தும் வெந்நீரும் கொடுத்தோம். மூச்சு சமனப்பட்டது.

அட்டைப் பெட்டி வைத்தியம்

தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு லாரி டிரைவர், இவரிடம் விவரம் கேட்டார். முள் எழும்பவே இல்லை என்று நான்தான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, கடையில் கிடந்த பிஸ்கட் அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்து, ரேடியேட்டருக்கு முன்னால் பாதியை மறைத்துச் செருகினார். "குளிர்ந்த காற்று அதிகம் படாமல் இருந்தால் எஞ்சின் கொஞ்சம் சூடாகும். ஆனால் முள்ளின் மேல் கண் வைத்திருங்கள். பாதியைத் தாண்டினால் உடனே அட்டையை எடுத்துவிடுங்கள்" என்று இந்தியில் சொன்னார்.

வழி திறந்ததும் திரும்பினோம். என்ன ஆச்சரியம்! முள் மெதுவாக எழுந்தது. ஹீட்டரில் லேசான சூடு வந்தது. அதிக சூடு இல்லை, ஆனாலும் கண்ணாடி தெளிந்தது, குழந்தை விழிக்கவில்லை.

சிம்லாவுக்குள் நுழையும் முன் தள்ளி என்ற இடத்தில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். வயதான மெக்கானிக், எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தார். பிறகு ஒரு மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, வெறும் ஓட்டையைக் காட்டினார். "தெர்மோஸ்டாட்டே இல்லை, பாபிஜி!"

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டு வருடத்துக்கு முன் மதுரையில் கோடையில் வண்டி கொதித்து நின்றபோது, நம்ம ஊர் மெக்கானிக் ஒருவர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, "இது எதுக்கு சார் நம்ம ஊர்லே?" என்று சொன்னது அப்போதுதான் இவருக்கு ஞாபகம் வந்தது.

தெர்மோஸ்டாட் என்பது கைக்கடக்கமான சின்னக் கதவு. அதற்குள் மெழுகு இருக்கிறதாம். எஞ்சின் தண்ணீர் 80 டிகிரியை ஒட்டிச் சூடாகும்வரை கதவு மூடியிருக்கும். சூடு ஏறினதும் மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கும். அதற்குப் பிறகுதான் தண்ணீர் முன்னால் உள்ள ரேடியேட்டருக்குப் போய் ஆறும்.

எனக்கு இது உடனே புரிந்துவிட்டது. பால் காய்ந்த பிறகுதானே காபியை டம்ளருக்கும் டவராவுக்குமாக ஆற்றுவோம்? காயும் முன்பே ஆற்றிக்கொண்டிருந்தால் அது எப்போது காயும்? எங்கள் வண்டி இரண்டு வருடமாகப் பச்சைப் பாலை ஆற்றிக்கொண்டிருந்திருக்கிறது! மதுரை வெயிலில் அது தெரியவில்லை. சிம்லாவில் தெரிந்துவிட்டது. அது இல்லாமல் ஓட்டினால் பெட்ரோலும் அதிகம் குடிக்கும், எஞ்சினும் சீக்கிரம் தேயும் என்றார் மெக்கானிக். கோடையில் கொதித்ததற்குக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல், கதவைப் பிடுங்கிப் போட்டதுதான் அத்தனைக்கும் மூலம். புதிய தெர்மோஸ்டாட், கூலண்ட், கூலி எல்லாம் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்கும் கீழே முடிந்துவிட்டது.

மறுநாள் வானம் பளிச்சென்று இருந்தது. பாதையில் பனியை அள்ளிவிட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்த பிறகே கிளம்பினோம். ஃபாகு கடைக்கார அம்மாளுக்கு நான் கொண்டுவந்திருந்த அதிரசத்தில் ஒரு பொட்டலம் கொடுத்தேன். நார்கண்டாவில் இறங்கினால், தேவதாரு மரங்களும் எதிரே மலைத் தொடரும் ஒரே வெள்ளை. அதற்கு அப்பால் கோட்கட் பக்கம்தான் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் சுமார் 1916-ல் கொண்டுவந்து நட்ட ஆப்பிள் மரங்கள், அந்த மலை மக்களின் வாழ்வையே மாற்றிவிட்டன. நாம் கடையில் வாங்கும் சிம்லா ஆப்பிளின் பிறந்த வீடு அது. மாமியார் பனியில் கால் வைத்து நின்று சிரித்ததைப் போட்டோ எடுத்தோம். காருக்குள் குட்டிப் பயல் தொப்பி இல்லாமலே தூங்கினான்.

குளிர் மலைக்குக் காரில் போகும் சகோதரிகளுக்கு

1. கிளம்புவதற்கு முன்பே ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள். வண்டி ஓடிக் கால் மணி நேரத்துக்குள் சூட்டு முள் நடுவை ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் தெர்மோஸ்டாட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

2. எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்க விடாதீர்கள். ஆவி அடங்காத குக்கரைத் திறப்பதும் அதுவும் ஒன்று.

3. வெறும் தண்ணீர் உறைந்து எஞ்சினை வெடிக்க வைக்கும். துருவும் பிடிக்கும். கூலண்டைச் சுத்தத் தண்ணீரோடு சரிபாதி கலந்தால் மைனஸ் 30 டிகிரியிலும் உறையாது. ஆனால் அது கொடிய விஷம். இனிப்பாக வேறு இருக்கும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், தரையில் சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள். காருக்குள் இனிப்பு வாடை அடித்து, கண்ணாடியில் பிசுக்காக ஆவி படிந்தால் ஹீட்டர் ஒழுகுகிறது என்று அர்த்தம்.

4. கண்ணாடியில் ஆவி படிந்தால் உள்காற்றே சுற்றும்படி வைக்காமல் வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். ஜன்னலை விரற்கடை திறந்து வையுங்கள்.

5. கரி அடுப்பு காருக்குள்ளும் வேண்டாம், மூடிய அறைக்குள்ளும் வேண்டாம். பனியில் வண்டி நின்றால் பின்பக்கப் புகைக்குழாயைப் பனி மூடாமல் அடிக்கடி இறங்கித் தள்ளுங்கள். அதற்கு முடியாவிட்டால் எஞ்சினை நிறுத்திவிடுங்கள்.

6. கைக்குழந்தையின் கையும் காலும் சாதாரணமாகவே சில்லென்று இருக்கும். கழுத்தின் பின்புறத்தையும் நெஞ்சையும் தொட்டுப் பாருங்கள். அங்கே சில்லென்றிருந்தால்தான் ஆபத்து. தடிமனாக ஒன்றைப் போடுவதை விட, மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்காகப் போடுங்கள்.

ஊருக்குத் திரும்பும் வழியில், "அன்னிக்கு முள்ளு ஏறலேன்னு நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்" என்றார் இவர், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. நான் பதில் சொல்லவில்லை. சிவப்புக் குமிழை மட்டும் கொஞ்சம் நீலப் பக்கம் தள்ளி வைத்தேன். உள்ளே நன்றாகவே சூடாகிவிட்டிருந்தது.